செவ்வொளி படிக்கும் பதின்மூன்று இலக்கங்கள்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே தொடருந்துப் பாதை வளைந்து வளைந்து ஏறும் மலைமடிப்பில் றொசல்ல அமைந்திருக்கிறது. 1884ஆம் ஆண்டில் ஹட்டனை எட்டிய அப்பாதை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக மலைநாட்டின் விளைச்சலைக் கொழும்புக்கு இறக்கி வந்திருக்கிறது. இச்சரிவுகளில் பறிக்கும் கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. அங்கே வாடி, உருண்டு, காற்றுப்பட்டுச் சிவந்து, உலர்ந்து, சலிக்கப்பட்டுத் தரம் பிரிகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது. பின்னர் கொழும்பு ஏலம், கலவை, பொதி என்று பல கைகள் மாறும் அத்தேயிலைக்கு இறுதியில் ஓர் எண் கிடைக்கிறது. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட அவ்வெண்ணைக் கறுப்புக் கோடுகளாக எழுதிக் காட்டுவதே பட்டைக் குறியீடு.

அக்கோடுகளைப் படிக்கும் கருவிகளுள் ஒன்று, கையில் எடுக்கவோ விசையை அழுத்தவோ தேவையில்லாமல் கடையின் பணமேடையில் தானே நின்று பணிசெய்யும் சீரொளி வருடி. லேசர் எனப்படும் சீரொளியால் அது பொதியைத் தடவிப் பார்க்கிறது. காசாளர் பொதியை அதன் முன்னே காட்டிய கணத்தில் ஒலி எழுகிறது. விலை திரையில் தோன்றுகிறது. அந்த ஒரு கணத்துக்குள் நடப்பது நெடிய ஆய்வு. இக்கருவி எந்த ஒரு பார்வையையும் தனியே நம்புவதில்லை. விகிதத்தால் அளக்கிறது; மீண்டும் மீண்டும் பார்க்கிறது; கணக்கிட்டுச் சரிபார்க்கிறது; மூன்றும் ஒத்துவந்த பிறகே முடிவைச் சொல்கிறது. அளவியல் அறிவின் இந்த ஒழுக்கத்தை விளங்கிக்கொள்வதற்காகவே இக்கட்டுரை.

கோடுகளின் இலக்கணம்

பதின்மூன்று இலக்கக் குறியீட்டின் நீளம் 95 சம அலகுகள். ஒவ்வோர் அலகும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். கறுப்பை 1 என்றும் வெள்ளையை 0 என்றும் எழுதினால், தொடக்கத்தில் 101, நடுவில் 01010, இறுதியில் 101 எனக் காவல் கோடுகள் நிற்கின்றன. இடப்புறம் ஆறு, வலப்புறம் ஆறு என இலக்கங்கள் அமைகின்றன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு அலகுகள். அந்த ஏழுக்குள் இரண்டு கோடுகளும் இரண்டு இடைவெளிகளும் அடங்கும். 3, 42, 5, 42, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 95 வரும். இயல்பளவில் ஓர் அலகின் அகலம் 0.33 மில்லிமீற்றர்.

இரு புறமும் சேர்த்துப் பன்னிரண்டு இலக்கங்களே கோடுகளாக வரையப்பட்டுள்ளன. பதின்மூன்றாவதாக எஞ்சும் முதல் இலக்கம் எங்கே? அது கோடுகளின் ஒழுங்குக்குள் ஒளிந்திருக்கிறது. இடப்புறத்தில் ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டு வகையாக எழுதலாம். ஒரு வகையில் கறுப்பு அலகுகளின் தொகை ஒற்றைப்படை; மற்றதில் இரட்டைப்படை. ஆறு இலக்கங்களும் எந்த வரிசையில் ஒற்றையாகவும் இரட்டையாகவும் வருகின்றன என்பதே முதல் இலக்கத்தை உணர்த்துகிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, ஒற்றை, இரட்டை, இரட்டை என்னும் வரிசைக்கு உரிய இலக்கம் 4.

இலங்கையில் வழங்கப்படும் எண்கள் 479 எனத் தொடங்குகின்றன. ஆகவே 4 ஒழுங்கில் மறைய, 7 ஒற்றை வகையில் 0111011 என்றும், 9 இரட்டை வகையில் 0010111 என்றும் வரையப்படுகின்றன. தேயிலையோ சவர்க்காரமோ, 479இல் தொடங்கும் எந்தப் பொதியிலும் இடக்கரையில் இதே கோலத்தைக் காணலாம். இரண்டு மெல்லிய காவல் கோடுகள், அடுத்து மூன்றலகுத் தடித்த கோடு, ஈரலகுக் கோடு, ஓரலகுக் கோடு, மீண்டும் மூன்றலகுக் கோடு. உருப்பெருக்கும் வில்லை ஒன்றைக் கையில் வைத்திருக்கும் மாணவர் எவரும் வீட்டிலுள்ள பொதியில் இதைத் தாமே கண்டறியலாம்.

கடைசி இலக்கம் காவலர் பணி செய்கிறது. எடுத்துக்காட்டுக்காக 479123456789 என்னும் பன்னிரண்டு இலக்கங்களைக் கொள்வோம். ஒற்றை இடங்களில் நிற்பவை 4, 9, 2, 4, 6, 8. அவற்றின் கூட்டுத்தொகை 33. இரட்டை இடங்களில் நிற்பவை 7, 1, 3, 5, 7, 9. கூட்டுத்தொகை 32, அதன் மும்மடங்கு 96. இரண்டையும் கூட்டினால் 129. அடுத்த பத்தின் மடங்காகிய 130ஐ எட்ட ஒன்று தேவை. எனவே பதின்மூன்றாம் இலக்கம் 1. ஏதேனும் ஓர் இலக்கத்தை மட்டும் கருவி தவறாகப் படித்தால், இக்கணக்கு அதைத் தவறாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளிக்குமிழிலிருந்து சீரொளிக்கு

கோடுகளால் பொருளை அடையாளங்காணும் எண்ணம் சீரொளிக்கு முன்பே பிறந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் நோர்மன் ஜோசப் வூட்லண்டும் பெர்னாட் சில்வரும் 1949 ஒக்ரோபர் 20இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1952 ஒக்ரோபர் 7இல் அதைப் பெற்றனர். மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளிகளையும் கோடுகளையும் கீழ்நோக்கி நீட்டினால் தடித்தும் மெலிந்தும் கோடுகள் கிடைக்கும் என்பதைக் கடற்கரை மணலில் விரலால் இழுத்துப் பார்த்துக் கண்டவர் வூட்லண்ட். அவர்கள் முதலில் செய்து பார்த்த படிப்பான் 500 உவாற்று ஒளிக்குமிழை நம்பியிருந்தது. அக்குமிழ் வெப்பத்தை வாரி இறைத்ததே ஒழிய, ஒரு கோட்டின் அகலத்துக்குள் அடங்கும் நுண்ணிய ஒளிப்புள்ளியைத் தர இயலவில்லை.

1960 மே 16இல் தியோடர் மைமன் முதற் சீரொளியை எழுப்பினார். அதே ஆண்டின் இறுதியில் அலி ஜவானும் அவர்தம் உடனாய்வாளரும் ஈலியம், நியோன் வளிகளிலிருந்து இடையறாத சீரொளியைப் பெற்றனர். 1962இல் அதே வளிக்கலவை 632.8 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளியைத் தந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜோர்ஜ் லோரர் வடிவமைத்த பன்னிரண்டு இலக்கக் குறியீடு 1973 ஏப்ரல் 3இல் அமெரிக்க வணிகத்தின் பொதுக் குறியீடாக ஏற்கப்பட்டது. 1974 யூன் 26இல் ஒகையோ மாநிலத்தின் திரோய் நகரிலுள்ள மார்ஷ் பல்பொருள் அங்காடியில் ரிக்ளி நிறுவனத்தின் மெல்லுகோந்துப் பொதி ஒன்று சீரொளியால் படிக்கப்பட்டது. கடைக்குள் முதன்முதல் படிக்கப்பட்ட பொதுக் குறியீடு அதுவே. 1977இல் ஐரோப்பியர் உருவாக்கிய அமைப்பு அதைப் பதின்மூன்று இலக்கங்களாக விரித்தது. இன்று ஜி.எஸ்.1 என்ற பெயரில் உலகெங்கும் எண் வழங்குவது அவ்வமைப்பின் வழிவந்ததே. 1980களின் பிற்பகுதியில் செவ்வொளி உமிழும் குறைகடத்தி இருவாயிகள் சந்தைக்கு வந்ததும், வளிக்குழாய்களைச் சுமந்த பெருங்கருவி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது.

சீரொளியின் சிறப்பு அதன் ஒழுங்கில் உள்ளது. ஒரே அலைநீளம், ஒரே திசை என்பதால் அதை மிக நுண்ணிய புள்ளியாகக் குவிக்கலாம்; குவிந்த பின்னும் அது விரைவில் விரிவதில்லை. 650 நனோமீற்றர் கற்றையை 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளியாகக் குவித்தால், குவிந்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வரை அது 0.33 மில்லிமீற்றர் கோட்டைவிடக் குறுகியே இருக்கும். பொதியைச் சரியான தொலைவில் நிறுத்த எவரும் அளவுகோல் பிடிக்க வேண்டாம். கையைக் கருவியிலிருந்து விடுவித்த முதற் காரணம் இந்தப் பண்பே.

சுழலும் ஆடியும் திரும்பும் ஒளியும்

ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் நின்றால் கோடுகளைப் படிக்க முடியாது. அது ஓட வேண்டும். வருடியின் நடுவில் பல முகங்கள் கொண்ட ஆடி ஒன்று சிறு மின்னோடியால் சுழல்கிறது. சீரொளி அதில் பட்டுத் தெறிக்கிறது. ஆடி ஒரு பாகை திரும்பினால் தெறித்த கதிர் இரண்டு பாகை திரும்பும் என்பது பள்ளியில் கற்ற தெறிப்பு விதியின் நேர்விளைவு. ஆடியின் முகங்கள் ஒவ்வொன்றும் சற்றே வேறு சாய்வில் வெட்டப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முகமும் முந்தியதற்கு இணையாக வேறொரு கோட்டை இழுக்கிறது. சுழலாடியைச் சூழ்ந்து அசையாத் துணையாடிகள் நிற்கின்றன. அவை அக்கோடுகளை வெவ்வேறு திசைகளுக்குத் திருப்புகின்றன. நான்கு முகங்களும் ஐந்து துணையாடிகளும் இருந்தால், ஒரு சுற்றில் ஐந்து திசைகளில் இருபது கோடுகள் உருவாகும்.

நிமிடத்துக்கு 6000 முறை, அதாவது செக்கனுக்கு 100 முறை ஆடி சுழல்வதாகக் கொள்வோம். செக்கனுக்கு 2000 கோடுகள் கிடைக்கின்றன. 20 சென்ரிமீற்றர் தொலைவில் ஒளிப்புள்ளி செக்கனுக்கு ஏறத்தாழ 250 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஓரலகுக் கோட்டைக் கடக்க அதற்கு ஒரு நுண்செக்கனும் சற்று மேலுமே போதும். 95 அலகுகளையும் கடக்க 125 நுண்செக்கன். நம் கண்ணுக்கு இந்த ஓட்டம் தென்படுவதில்லை. அசையாத செந்நிற வலை ஒன்று விரிந்திருப்பதாகவே தோன்றுகிறது. பொதி எப்படிச் சாய்ந்து வந்தாலும் அவ்வலையின் ஏதேனும் ஒரு கோடு குறியீட்டை ஊடறுத்துச் செல்லும். முழுக் குறியீட்டையும் ஒரே கோடு கடக்காவிட்டாலும் குறையில்லை. இடப்பாதியை ஒரு கோடும் வலப்பாதியை வேறொரு கோடும் படித்தால், நடுக் காவல் கோடுகளை எல்லையாகக் கொண்டு இரண்டையும் கருவி இணைத்துக்கொள்ளும்.

தாளில் பட்ட ஒளியை வெள்ளை நிறம் எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. கறுப்பு மை உட்கொண்டுவிடுகிறது. சிதறிய ஒளியில் மிகச் சிறிய பங்கே கருவிக்குத் திரும்புகிறது. வந்த வழியே, அதே துணையாடியிலும் அதே சுழல்முகத்திலும் பட்டு, அகன்ற குழிவாடி ஒன்றை அடைகிறது. அக்குழிவாடி அதை ஒளி உணர் இருவாயி மீது குவிக்கிறது. போகும் கதிர் மெல்லியது. குழிவாடியின் நடுவிலுள்ள சிறு துளை வழியே அது வெளியேறிவிடும். திரும்பும் ஒளியோ பரந்தது. ஆதலால் குழிவாடியின் முழுப் பரப்பும் அதை ஏந்துகிறது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே ஆடியின் வழி நிகழ்வதால், உணரி எப்போதும் ஒளிப்புள்ளி நிற்கும் இடத்தையே நோக்கியிருக்கிறது. கடையின் ஏனைய வெளிச்சத்தில் பெரும்பகுதி அதன் பார்வைக்குள் வருவதில்லை. எஞ்சியதைச் செந்நிற வடிகட்டி தடுக்கிறது. அதையும் தாண்டி நுழையும் விளக்கொளி, 50 ஏர்ட்சு மின்னோட்டத்தால் செக்கனுக்கு 100 முறை துடிக்கும். கோடுகளிலிருந்து எழும் குறிப்போ செக்கனுக்கு நான்கு இலட்சத்தை நெருங்கும் அதிர்வுடையது. இத்தனை வேறுபட்ட மீடிறன்களை மின்சுற்று எளிதாகப் பிரித்துவிடுகிறது.

விளிம்பைத் தேடும் கணக்கு

உணரி தரும் மின்குறிப்பு மேடும் பள்ளமுமான அலை. ஒளிப்புள்ளிக்கும் அகலம் உண்டு. கறுப்பிலிருந்து வெள்ளைக்குக் கடக்கும்போது குறிப்பு சரேலென மாறாமல் சரிந்து மாறுகிறது. அச்சரிவு எங்கே மிகச் செங்குத்தாக இருக்கிறதோ அங்கே கோட்டின் விளிம்பு இருக்கிறது. இவ்விடத்தை அறிய மின்சுற்று அலையின் மாறும் வேகத்தைக் கணிக்கிறது. வகைநுண்கணிதம் கடையின் பணமேடையில் செக்கனுக்குப் பல ஆயிரம் முறை தொழிற்படுகிறது என்பது மிகையன்று.

ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் இடைப்பட்ட நேரமே கருவிக்குக் கிடைக்கும் அளவு. பொதி அருகில் இருந்தால் புள்ளி மெல்ல நகரும். தொலைவில் இருந்தால் விரைந்து நகரும். சாய்வாக இருந்தால் ஒரு முனையில் மெதுவாகவும் மறுமுனையில் விரைவாகவும் நகரும். ஆகவே நேரத்தை நேரே அகலமாகக் கொள்ள இயலாது. விளம்பத்தில் பாடினாலும் துரிதத்தில் பாடினாலும் தாளத்தின் கணக்கு மாறாததுபோல, இங்கும் மாறாதிருப்பது விகிதம். ஒவ்வோர் இலக்கமும் எப்போதும் ஏழு அலகு என்பது முன்பே உறுதி. ஓர் இலக்கத்தின் முழு நேரத்தை ஏழால் வகுத்தால், அந்த இலக்கத்துக்கு உரிய அலகு அந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

அச்சகத்தின் மை இன்னொரு சிக்கலைக் கொணர்கிறது. மை சற்றே பரவினால் எல்லாக் கறுப்புக் கோடுகளும் தடித்து, வெள்ளை இடைவெளிகள் மெலியும். இதற்கு அறிஞர் கண்ட தீர்வு அழகானது. கோட்டின் அகலத்தை அளப்பதற்குப் பதிலாக, ஒரு கோட்டின் தொடக்க விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் தொடக்க விளிம்பு வரை அளக்கிறார்கள். மை பரவினால் இரண்டு தொடக்க விளிம்புகளும் ஒரே பக்கமாக ஒரே அளவு நகரும், இடைத்தொலைவு மாறாது. முடிவு விளிம்புகளுக்கும் இது பொருந்தும். இவ்வளவுகளைக் கொண்டே பெரும்பாலான இலக்கங்கள் துலங்கிவிடும். 1உம் 7உம் மட்டும் ஒன்றுபோலவும், 2உம் 8உம் ஒன்றுபோலவும் தோன்றும். அப்போதுதான் கோடுகளின் தடிப்பைப் பார்க்க வேண்டும். இடப்புறத்து ஒற்றை வகையில் 7இன் இரு கோடுகளும் சேர்ந்து ஐந்து அலகு. 1இன் கோடுகள் சேர்ந்து மூன்று அலகு. 479 எனத் தொடங்கும் ஒவ்வொரு பொதியிலும் கோடாக வரும் முதல் இலக்கமே 7 ஆதலால், இலங்கைப் பொதியைப் படிக்கும் கருவி இந்த ஐயத்தைத் தீர்த்தே மேலே செல்கிறது.

பொதி தலைகீழாக வந்தாலும் கருவி மயங்குவதில்லை. இடப்புறத்தின் முதல் இலக்கம் எப்போதும் ஒற்றைப்படை வகையிலேயே எழுதப்படும். வலப்புறத்து ஆறும் இரட்டைப்படை. முதலில் சந்திக்கும் இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால், தான் வலமிருந்து இடமாகப் படிப்பதை உணர்ந்து வரிசையைக் கருவி திருப்பிக்கொள்கிறது.

கைகளை விடுவித்த காவல்

கை தொடாமல் இயங்குவதற்கு, எப்போது விழிப்பது, எப்போது ஓய்வது என்பதைக் கருவியே அறிய வேண்டும். பொதி வராத நேரத்தில் சீரொளி அணைந்து, மின்னோடியும் ஓய்ந்திருக்கும் வகை வருடிகள் உண்டு. அவற்றில் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர் ஒன்று முன்வெளியைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஏதேனும் பொருள் நெருங்கி அக்கதிரைத் தெறிக்கச் செய்தால், கருவி விழித்துச் சீரொளியை ஏற்றுகிறது. வேறு சில, மங்கிய துடிப்பாக ஒளியை விட்டு விட்டு எழுப்பித் தாமே தேடுகின்றன.

செக்கனுக்கு 2000 கோடுகள் ஓடுவதால், ஒரே பொதி நூறு முறை படிக்கப்படலாம். வாங்குபவரிடம் நூறு பொதிக்கு விலை கேட்கலாகாது. எனவே ஒருமுறை ஏற்ற எண்ணைக் கருவி நினைவில் வைத்து, அப்பொதி பார்வையை விட்டு அகன்று குறித்த சிறுநேரம் கழியும் வரை அதே எண்ணை மீண்டும் ஏற்க மறுக்கிறது. ஏற்கும் முன்போ ஒன்றுக்கு மேற்பட்ட வருடல்கள் ஒரே விடையைத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஐயத்தையும் நினைவையும் இப்படிச் சேர்த்துப் பழக்கியதாலேயே காசாளரின் இரு கைகளும் பொதிகளை நகர்த்தவும் பைகளில் இடவும் உரிமை பெற்றன. நாள் முழுதும் நின்று பணிபுரியும் ஒருவருடைய மணிக்கட்டுக்கு அது சிறிய நன்மையன்று.

கண்ணின் காப்பும் இந்த அமைப்பில் அடங்கியுள்ளது. இரண்டாம் வகுப்புச் சீரொளிக்கு, தொடர்ந்து வெளிவரும் புலப்படும் ஒளியில், ஒரு மில்லிஉவாற்றே உச்ச எல்லை. கண் தானாக இமைக்கும் கால் செக்கனுக்குள் தீங்கு நேராத அளவு அது. வருடியில் கற்றை ஓடிக்கொண்டே இருப்பதால் கண்ணுக்குள் நுழையும் ஒளி இன்னும் குறைகிறது. மின்னோடி நின்றுவிட்டால் ஒளி ஒரே இடத்தில் குவியும். அதனால் சுழற்சி தடைப்பட்ட உடனே சீரொளி அணையும்படி சுற்று அமைக்கப்படுகிறது. எனினும் எந்தச் சீரொளியையும் உற்று நோக்கலாகாது என்பதைச் சிறுவருக்குச் சொல்லி வைத்தல் பெரியோர் கடன்.

தேயிலைப் பொதியை வடிவமைப்போர் இக்கருவியின் இயல்பை அறிந்திருத்தல் நலம். செந்நிற மையில் கோடு அச்சிட்டால் செவ்வொளி அதையும் வெள்ளைத்தாளைப் போலவே சிதறடிக்கும். நம் கண்ணுக்குத் துலங்கும் கோடு கருவிக்கு இல்லாத கோடாகிவிடும். பளபளக்கும் பொன்னிறத் தாளிலோ உலோகப் பரப்பிலோ நேரே அச்சிட்டால், ஒளி ஒரே திசையில் தெறித்து உணரியை எட்டாமல் போகும் அல்லது அதைத் திகைக்க வைக்கும். உருளை வடிவத் தேயிலைத் தகரத்தில் கோடுகள் ஏணிப்படிபோல் கிடையாக அமைய வேண்டும். நிமிர்ந்து நின்றால் ஓரக்கோடுகள் வளைவில் மறைந்துவிடும். கோடுகளின் இரு பக்கமும் விடவேண்டிய வெற்றிடத்தில் எழுத்தோ படமோ ஏறினால், குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதையே கருவி அறியாது.

எண் சொல்வதும் சொல்லாததும்

இத்தனை நுட்பமும் சேர்ந்து படித்துத் தருவது ஓர் எண் மட்டுமே. 479 என்பது எண்ணை வழங்கியது இலங்கையிலுள்ள ஜி.எஸ்.1 அமைப்பு என்பதைச் சொல்லும். உள்ளே இருக்கும் தேயிலை எங்கே விளைந்தது என்பதைச் சொல்லாது. மலைநாட்டுத் தேயிலை மொத்தமாக ஏற்றுமதியாகி வேற்று நாட்டில் பொதி செய்யப்பட்டால், அந்நாட்டு நிறுவனத்தின் எண்ணே அதன்மேல் ஏறும். தூய இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு உறுதிதரும் குறி இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை. அதுவும் நாட்டைச் சொல்கிறது, தோட்டத்தைச் சொல்வதில்லை.

இக்குறையைப் போக்கும் வழி இப்போது திறந்திருக்கிறது. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் செய்தியைத் தாங்கும் இருபரிமாணக் கட்டக் குறியீடுகளை உலகெங்கும் கடைகளின் பணமேடையில் படிக்கத்தக்க நிலையை 2027ஆம் ஆண்டின் இறுதிக்குள் எட்ட வேண்டும் என ஜி.எஸ்.1 இலக்கு வைத்துள்ளது. ஒற்றைக் கோடாக ஓடும் சீரொளி வருடியால் அவற்றைப் படிக்க இயலாது. படமெடுக்கும் உணரி வேண்டும். அரை நூற்றாண்டு உழைத்த செவ்வொளி மெல்ல விலக, அதன் இடத்துக்குப் படக்கருவி வருகிறது. ஆயினும் விகிதத்தால் அளத்தலும், திசையைத் தானே உணர்தலும், காவல் இலக்கத்தால் சரிபார்த்தலும் அதற்கும் அடிப்படை. கருவி மாறினாலும் ஒழுக்கம் மாறவில்லை.

கட்டக் குறியீட்டில் பொருளின் எண்ணோடு அது பொதியான தொகுதியின் எண்ணும் இடம்பெறலாம். கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு தேயிலைத் தொகுதியும் அதை உருவாக்கிய தொழிற்சாலையின் விற்பனைப் பெயரோடுதான் விலை போகிறது. பல தோட்டத் தேயிலைகள் ஒரு பொதியில் கலந்தாலும், எவை கலந்தன என்ற கணக்கு கலப்பவரிடம் இருக்கும். தொகுதி எண்ணையும் அக்கணக்கையும் இணைத்தால், உலகின் எந்த மூலையில் தேநீர் அருந்துபவரும் அது எந்த மலையில் பறித்த கொழுந்து என்பதை அறியலாம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலையை வளர்த்த மலையகத் தமிழர், தம் ஊர்ப்பெயர் அப்பொதியில் விளங்க வேண்டும் என்று கேட்பது முறையான வேண்டுகை. அதற்குத் தேவையான அறிவியல் இன்று முழுமையாகக் கைவசம் உள்ளது. பொதி செய்யும் நிறுவனங்கள் அந்தக் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். மலையகத்தின் மாணவர் ஒளியியலையும் மின்னணுவியலையும் கணினியியலையும் ஊன்றிக் கற்று, அக்கணக்கை எழுதும் இடங்களில் தாமே அமர வேண்டும்.